எண்ணப்பட்டோரும் ஏடும்: குடிசன மதிப்பீட்டுப் பதிவுகள் எவர்க்குரியன?

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் அப்பாற் சரிவில் விரிந்து கிடக்கும் நிலப்பகுதி லக்கல எனப்படும். பிரித்தானியர் ஆட்சியில் லக்கல உடசிய பத்து, லக்கல பல்லேசிய பத்து என இரு நிருவாகப் பிரிவுகளாக அது விளங்கிற்று. மேட்டிலே சேனையும் பள்ளத்திலே வயலுமாக வாழ்ந்த சிறு கிராமங்கள் அங்கு பல. 2018ஆம் ஆண்டிலே களுகங்கை நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கியபோது பழைய பல்லேகம நகர் நீரின் அடியிற் சென்றது. அதற்கு முன்னரே புதிய நகரொன்று மேட்டு நிலத்தில் அமைக்கப்பட்டுப் பாடசாலையும் அலுவலகங்களும் அங்கே கொண்டுசெல்லப்பட்டன. மொறகஹகந்த–களுகங்கைத் திட்டம் வறண்ட வலயத்து வயல்களுக்கு நீர் தருவது. அதன் பயனை மறுத்துரைத்தல் ஈண்டு நோக்கமன்று.

ஆயினும் ஓர் ஊர் நீருள் மறையும்போது மறைவன வீடும் கடையும் மாத்திரமல்ல. வேலியும் வரப்பும், கிணறும், பாட்டியைப் புதைத்த மண்ணும் உடன் மறைகின்றன. 'இவ்விடத்தில் எம்மவர் இருந்தனர்' என்று கையாற் சுட்டிக் காட்டும் வாய்ப்பே இல்லாதொழிகின்றது. சுட்டிக் காட்ட நிலமற்றவனுக்கு எஞ்சுவது ஏடு ஒன்றே. காணி உறுதி அத்தகைய ஏடுகளுள் ஒன்று. ஆனால் உறுதி உடையவன் எல்லாக் குடும்பத்திலும் இருந்தானல்லன். பிறப்புப் பதிவு மற்றொன்று. அது மனிதன் நாடிச் சென்று செய்துகொள்ள வேண்டியது. எழுதப் படிக்கத் தெரிந்தவனும், பதிவாளரிடம் நடந்து செல்ல ஒருநாட் கூலியை இழக்கக் கூடியவனுமே அதனைத் தவறாது செய்தான். இவற்றினின்றும் வேறுபட்டு, எவரும் கேளாமலே அரசு தானாக வாயில் தேடி வந்து, செல்வன் வறியன், ஆண் பெண், முதியோர் சிசு என்னும் வேறுபாடின்றி எல்லோரையும் எழுதிக்கொண்டு போனது குடிசன மதிப்பீட்டுப் படிவத்தில் மாத்திரமே. உறுதியிலும் உயிலிலும் இடம்பெறாத பெண்ணும் அங்கே ஒரு வரியாக நிற்கிறாள்.

அவ்வரி யாருக்கு உரியது? கேட்டு எழுதிய அரசுக்கா, சொல்லிய மனிதனுக்கா, அவன் வழிவந்தோர்க்கா, வரலாற்றை ஆராய்வோர்க்கா? காலம் கடந்த குடிசன மதிப்பீட்டுப் பதிவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும் எனப் பல நாடுகளில் இயக்கம் நடத்தியோர் எழுப்பிய வினா இதுவே. வெளித்தோற்றத்தில் இது சுவடிக்கூட நிருவாகம் பற்றிய ஒரு சிறு பிணக்குப்போலத் தோன்றலாம். உள்ளே இருப்பது வாக்குறுதியின் இயல்பு பற்றிய அறவியற் பிரச்சினையாகும்.

எண்ணுபவனை மக்கள் என்றும் ஐயத்துடனேயே நோக்கி வந்துள்ளனர். அர்த்தசாத்திரம் ஊர்க்கணக்கு அதிகாரி குடும்பந்தோறும் தொழிலும் வரவும் செலவும் குறித்துக்கொள்ள வேண்டும் என விதிப்பதோடு, அக்கணக்குச் சரியா என ஒற்றரைக் கொண்டு அறிய வேண்டும் எனவும் கூறுகின்றது. வரியும் படைக்கு ஆளும் வேண்டிய மன்னன் எண்ணாமல் என்ன செய்வான்? மாத்தளை மண்ணிலேயே இதற்குச் சான்றுண்டு. 1848ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அங்கு மூண்ட கிளர்ச்சியின் பின்னணியில் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் விதிக்கப்பட்ட வரிகளும், தெரு வேலைக்கு உழைப்புத் தரவேண்டும் அன்றேல் பணம் கட்டவேண்டும் என்ற சட்டமும் இருந்தன. அத்தகைய நாட்டில் ஓர் உத்தியோகத்தர் ஏட்டுடன் வாயிலில் வந்து நின்றால் உள்ளிருப்பவர் உண்மை சொல்வாரென எதிர்பார்ப்பது எளிதன்று.

தீவு முழுவதையும் ஒரே நாளில் எண்ணிய நவீன குடிசன மதிப்பீடு 1871ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27ஆம் நாள் முதன்முதலாக நிகழ்ந்தது. அன்று எண்ணப்பட்டோர் ஏறத்தாழ 24 இலட்சம். அதன்பின் பத்தாண்டுக்கொரு முறை அது தொடர்ந்தது. 1931இல் பொருளாதார நெருக்கடியாற் பெரும்பாலும் வெறுந் தலையெண்ணிக்கையாகச் சுருங்கிற்று; அடுத்தது போர் முடிந்தபின் 1946இலேயே நடந்தது; 1991இல் நடைபெறவேயில்லை; 2001இல் 18 மாவட்டங்களில் மாத்திரமே முற்றுப்பெற்றது. இந்நாட்டின் வரலாற்றை அறிய விரும்புபவன் எண்ணிக்கை தவறிய ஆண்டுகளைப் பார்த்தாலே பாதி விளங்கிக்கொள்வான்.

1900ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் குடிசன மதிப்பீட்டுக் கட்டளைச் சட்டம் இவ்வெண்ணிக்கைக்கு அடிப்படையாயிற்று. கேட்கப்படும் வினாவுக்கு விடையளித்தல் கடமை; மறுத்தால் தண்டனை. அறிந்ததை வெளியே சொல்லாதிருத்தல் உத்தியோகத்தரின் கடமை. மீறினால் அவருக்கும் தண்டனை. உலகெங்கும் குடிசன மதிப்பீட்டுச் சட்டங்களின் உள்ளமைப்பு ஏறத்தாழ இதுவே. ஒருபுறம் கட்டாயம், மறுபுறம் இரகசியம் பேணும் உறுதிமொழி. இவ்விரண்டையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். தானாக விரும்பிச் சொன்னவன் தன் சொல்லின் விளைவைத் தானே தாங்கலாம். கட்டாயத்தின்பேரிற் சொன்னவனின் சொல்லோ அடைக்கலப் பொருள் போன்றது. அடைக்கலம் பெற்றவன் அதனைத் தன் உடைமையாகக் கருதுவதும் அறமன்று. கேட்பாரற்றுப்போனதெனக் குப்பையில் எறிவதும் அறமன்று.

இப்படிவங்களிலிருந்து மக்கள் பார்வைக்கு வந்தவை அட்டவணைகளே. 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை மேற்பார்வை செய்தவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். அவர் எழுதிய அறிக்கை எண்களின் தொகுப்பாக மாத்திரம் அமையாது, தீவின் வரலாறும் சமயமும் மொழியும் சமூகமும் பற்றிய நூலாகவே அமைந்தது. பின்னர் இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் எனப் போராடியவரும் அவரே. பேராதனையில் ஒரு மாணவர் மண்டபம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. மண்டபத்திற் குடியிருப்போருள் எத்தனைபேர் அவருடைய அறிக்கையைப் புரட்டியிருப்பர் என்பது வேறு வினா. 1911ஆம் ஆண்டறிக்கையை எழுதிய டென்ஹாமும் அம்மரபைத் தொடர்ந்தார். அவ்வாண்டிலேதான் தமிழர் 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என முதன்முதலாக இரு நிரல்களிற் பிரித்தெழுதப்பட்டனர். கணக்கெடுப்பாளரின் வசதிக்காகக் கீறப்பட்ட கோடு பின்னாளிற் பல இலட்சம் பேரின் வாழ்வைக் கீறிய கோடாயிற்று.

அட்டவணை போதாதா, பெயர் எதற்கு எனச் சிலர் வினவலாம். அட்டவணை எத்தனை பேர் என்று மாத்திரமே கூறும்; அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று கூறாது. 1946இல் வேடர் 2,361 பேர் எனக் கணக்கிடப்பட்டது. 1953இல் அத்தொகை 803. ஏழே ஆண்டுகளில் ஒரு சமுதாயத்தின் மூன்றிலிரு பங்கினர் மாண்டுபோயினரென எவரும் நம்பார். வேடர் எனப் பதியப்பட்டோர் அடுத்த முறை சிங்களவர் எனவோ தமிழர் எனவோ பதியப்பட்டிருத்தல் கூடும். அவர்கள் தாமே அவ்வாறு சொன்னாரா, எழுதியவர் தம் எண்ணப்படி எழுதினாரா? ஒரே குடும்பத்தின் இரு படிவங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாலன்றி இதற்கு விடையில்லை. அதுபோலவே இந்தியத் தமிழரின் தொகை 1971இல் ஏறத்தாழ 11 இலட்சத்து 74 ஆயிரமாக இருந்து 1981இல் 8 இலட்சத்து 18 ஆயிரமாகக் குறைந்தது. கப்பலேறிச் சென்றோர் பலர். இலங்கைத் தமிழரெனப் பதிந்துகொண்டோரும் உளர். சென்றவனையும் பெயர் மாற்றிக்கொண்டவனையும் அட்டவணை ஒரே கழித்தற் கணக்கில் அடக்கிவிடுகின்றது.

பிறநாடுகளில் நடந்தவை இங்கு நோக்கற்பாலன. கனடாவில் 1906, 1911ஆம் ஆண்டுப் படிவங்களைத் திறக்க அரசு நெடுங்காலம் மறுத்து வந்தது. என்றென்றும் இரகசியம் காப்போம் என முன்னோர்க்கு வாக்களிக்கப்பட்டது என்பதே சொல்லப்பட்ட காரணம். தம் குடும்ப வரலாற்றைத் தேடிய சாதாரண மக்கள் பல்லாயிரவர் கையொப்பமிட்டு விண்ணப்பித்தனர். ஆராய அமைக்கப்பட்ட நிபுணர் குழு, 'என்றென்றும்' என்னும் சொல் அக்கால வாக்குறுதியில் இருந்ததென்பதற்குச் சான்றில்லை எனக் கண்டது. 2003இல் 1906ஆம் ஆண்டுப் படிவங்கள் வெளிவந்தன; 2005இல் 92 ஆண்டு கழிந்தபின் திறப்பதெனச் சட்டம் திருத்தப்பட்டது. இங்கிலாந்தில் 1911ஆம் ஆண்டுப் படிவங்களை 2012 வரை மூடிவைக்கவே எண்ணியிருந்தனர். தகவற் சுதந்திரச் சட்டத்தின் கீழ்ச் செய்யப்பட்ட கோரிக்கையை ஆராய்ந்த தகவல் ஆணையாளர், அக்குடிசன மதிப்பீட்டுச் சட்டத்தில் அவ்வாறான தடை இல்லையென 2006இல் முடிவுசெய்தார். 2009இல் அவை திறக்கப்பட்டன. ஆனால் ஒரு நிரல் மாத்திரம் மூன்றாண்டு மேலும் மறைக்கப்பட்டிருந்தது: வீட்டிலுள்ளோரின் உடற்குறையையும் மனநோயையும் குறித்த நிரல். இச்சிறு செய்தி பின்னரும் பயன்படும்.

அவுஸ்திரேலியா எதிர்வழியிற் சென்றது. அங்கே எண்ணி முடிந்ததும் படிவங்களை அழித்துவிடுவதே வழக்கமாக இருந்தது. அந்தரங்கம் பேணலின் உச்சம் அதுவெனப் பெருமையும் பாராட்டப்பட்டது. 2001இலேயே, விரும்புவோரின் படிவத்தை 99 ஆண்டு காத்துப் பின் திறப்பது என்னும் முறை வந்தது. மக்களிற் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் அதற்கு இசைந்தனர். அயர்லாந்தின் கதை இன்னும் துயரமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் படிவங்களுள் ஒருபகுதி அரசாலேயே அழிக்கப்பட்டது. மற்றொரு பகுதி 1922இல் டப்ளினில் ஆவணக் காப்பகம் தீக்கிரையானபோது சாம்பலாயிற்று. பெரும்பஞ்சத்தில் மாண்டோரின் பெயர்களை அறிய விழையும் அயர்லாந்தியன் இன்று தேவாலயப் பதிவேடுகளைத் தடவிக்கொண்டிருக்கிறான்.

இவையெல்லாம் ஒருபக்கம். மறுபக்கத்தைக் காணாது 'திற' என்று முழங்குவது எளிது. இலங்கைத் தமிழ் மாணவன் ஒருவனுக்கு அவ்வெளிமை தகாது. பெயர்ப்பட்டியல் கொலைக் கருவியாவதை இந்நாடு கண்டிருக்கிறது. 1983 யூலையில் கொழும்பிலே தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடிச் சென்ற கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. வாக்களிக்கும் உரிமைக்காகப் பதியப்பட்ட பெயர் வீட்டைக் கொளுத்த வழிகாட்டிற்று. ஐக்கிய அமெரிக்காவில் 1942இற் குடிசன மதிப்பீட்டு இரகசியத்தைச் சட்டம் இயற்றித் தளர்த்தினர். யப்பானிய வம்சத்தவர் எந்தெந்தப் பகுதியில் எத்தனைபேர் என்னும் விவரம் படையினரிடம் சென்றது. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். ஒல்லாந்தில் குடிப்பதிவேட்டைக் கொண்டே யூதரைத் தேடிப் பிடித்தனர். அது கண்டு பொறாத கலைஞரும் மாணவரும் சேர்ந்து அம்ஸ்ரடாம் நகரின் குடிப்பதிவகத்துக்குத் தீ வைத்தனர். அவருட் பன்னிருவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். தீ வைத்த நாள் 1943 மார்ச் 27. இலங்கையில் முதன்முதலாகக் குடிகளை எண்ணிய அதே மார்ச் 27. ஏட்டைக் காப்பதல்ல, எரிப்பதே அறமாகும் நாளும் உண்டு என்பதை இது காட்டும்.

ஆயின் இவ்வுதாரணங்களைச் சற்று ஊன்றி நோக்கினால் வேறொன்று தெளிவாகும். யப்பானியர் பற்றிய விவரத்தைப் பெற்றவர் அயலாரல்லர், அரசே. ஒல்லாந்திலும் அவ்வாறே. உயிரோடிருப்பவரின் அண்மைக்காலப் பதிவு, அதிகாரமுடையோர் கையிற் சிக்கியதே ஆபத்தாயிற்று. நூறாண்டுக்கு முற்பட்ட பதிவை வழித்தோன்றல்கள் படிப்பதால் அன்று. மூடிய கதவு பொதுமக்களை வெளியே நிறுத்தியது, அரசை நிறுத்தவில்லை. எனவே 1983ஐக் காட்டிப் பழைய படிவங்களைப் பூட்டிவைத்தல், கள்வன் வாயிற்கதவால் வந்தான் எனக் கேட்டுச் சாளரத்தைச் சாத்துவது போன்றதாகும்.

நூறாண்டு கழிந்தால் ஊறே இல்லை என்றும் கூறிவிடலாகாது. கண்டியில் நீதிபதியாக இருந்த லோறி, மத்திய மாகாணத்துக் கிராமங்களை அகரவரிசையில் விவரிக்கும் பெருநூலை 1896இலும் 1898இலும் இரு தொகுதிகளாக வெளியிட்டார். மாத்தளைக் கிராமங்களும் அதில் அடங்கும். ஊரின் பெயர், பழைய காணி வழக்குகள், அங்கு வாழ்வோரின் சாதி என்பன அதில் அச்சேறியுள்ளன. ஆராய்ச்சியாளர்க்கு அது அரும்பெரும் களஞ்சியம். ஆனால் ஓர் ஊரைக் குறித்துச் சாதிப்பெயர் அச்சிலிருப்பது, மணம் பேசும்போதும் தேர்தற் காலத்திலும் அவ்வூரார்க்கு என்னவாகும்? அந்நூல் வெளிவந்து நூற்றுமுப்பது ஆண்டாகப் போகின்றது, சாதி போய்விடவில்லை. பட்டப்பெயரைக் கைவிட்டு வேறு பெயர் பூண்டு வாழ்வோர் இலங்கையிற் சிங்களவரிலும் உளர், தமிழரிலும் உளர். அவர்கள் மறக்க விரும்பியதை மற்றவர் தோண்டி எடுத்தல் ஆராய்ச்சி ஆகுமா? இவ்வெதிர்வாதத்துக்கு இயக்கத்தார் பலர் விடை கூறாமலே கடந்து செல்கின்றனர். விடையின் ஒரு பகுதி இங்கிலாந்தில் மறைக்கப்பட்ட அந்த ஒரு நிரலில் உள்ளது. ஏடு முழுவதையும் மூடவேண்டியதில்லை. எந்த நிரல் இன்னும் சுடுகின்றதோ அதனை மாத்திரம் ஆறும்வரை மூடலாம். எது சுடுகின்றது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் திணைக்களத்தில் இருப்பவர் மாத்திரமல்லர், சுடப்படுவோரும் ஆவர்.

மூடிவைத்தல் நடுவுநிலை என்னும் கருத்தே இப்பிரச்சினையிற் பெரிய மயக்கம். திறந்தால் ஒருவருக்கு ஊறு நேரலாம், மூடினால் எவர்க்கும் ஊறில்லை என்றே பலரும் எண்ணுகின்றனர். மலையகத்தின் வரலாறு இதனை மறுக்கின்றது.

நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் லக்கல. மேற்குச் சரிவில் மாத்தளை, இரத்தோட்டைப் பகுதித் தோட்டங்கள். மன்னாரில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து, மாத்தளைக்கு நடந்து வந்த தமிழகத்துக் கூலியாட்கள் கோப்பிக் காலத்திலிருந்தே அத்தோட்டங்களிற் குடியேறினர். வழியில் மாண்டோர்க்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. வந்து சேர்ந்தோரோ இத்தீவில் வேறெவரையும்விட அதிகமாக எண்ணப்பட்டவர்கள். விடியற்காலையிற் பிரட்டுக்களத்தில் எண்ணிக்கை, செக்ரோலிற் பெயர், கங்காணியின் கணக்கிற் கடன், பத்தாண்டுக்கொரு முறை லயத்துக் காம்பராவின் வாயிலிற் குடிசன மதிப்பீடு. 1901, 1911, 1921ஆம் ஆண்டுகளிற் பிறந்த இடமும் கேட்டு எழுதப்பட்டது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களை நோக்கி ஒரு வினாவைத் தொடுத்தது. சட்டம் நடைமுறைக்கு வருமுன் இலங்கையிற் பிறந்தவன், தன் தந்தையும் இலங்கையிற் பிறந்தாரெனக் காட்டவேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தனரெனக் காட்டவேண்டும். பிறப்புப் பதிவு இத்தீவிற் கட்டாயமானதே 1897இல். அதற்கு முன் லயத்திற் பிறந்த ஒருவனுக்குப் பத்திரம் ஏது? பதிவுப் பத்திரம் இல்லாமை பிறவாமைக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. அடுத்த ஆண்டில் வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம், இடையறாது வசித்ததற்குச் சான்று கோரிற்று. ஏறத்தாழ 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பிற் செய்யப்பட்டன. பதினான்கு ஆண்டு இழுபட்ட விசாரணையின் பின் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே ஏற்கப்பட்டனர். எஞ்சியோரை 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இரு அரசுகளும் எண்ணிக்கையாற் பங்கிட்டுக்கொண்டன. ஐந்தே கால் இலட்சம் அங்கே, மூன்று இலட்சம் இங்கே, ஒன்றரை இலட்சம் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று. நாடற்றோர் என்னும் நிலை சட்டத்தளவில் நீங்க 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவ்விசாரணை நிகழ்ந்த காலத்தில் ஒருபுறம் ஓர் அரச அலுவலர் 'நீ இங்கு இருந்தாய் என்பதற்கு என்ன சான்று?' எனக் கேட்டுக்கொண்டிருந்தார். அதே அரசு எழுபது எண்பது ஆண்டுகளாக அதே மக்களின் வாயிலுக்குச் சென்று, இன்னார் இங்கே இருக்கிறார், இங்கே பிறந்தார் என்று எழுதுவித்து, கூட்டிக் கழித்து அச்சிட்டு, அவ்வெண்களைச் சட்டசபையில் மேற்கோளும் காட்டி வந்தது. எண்ணும் நேரத்தில் அவன் இருந்தான். சான்று கேட்கும் நேரத்தில் இல்லை. படிவத்தில் அவன் சொன்ன சொல் அவனுக்குச் சாட்சி சொல்ல அழைக்கப்படவில்லை. அந்தரங்கம் பேணல் என்னும் விதி எவனுடைய நன்மைக்காக ஏற்பட்டதோ, அவனுக்கே எதிராக அது மௌனம் சாதித்தது. இரகசியம் பிறரிடமிருந்து காக்கப்படுவது. உரியவனிடமிருந்தே காக்கப்படுமாயின் அதற்கு வேறு பெயர் சூட்டவேண்டும்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத குற்றச்சாட்டு எனச் சிலர் கருதலாம். 72 ஆண்டு வரை குடிசன மதிப்பீட்டுப் படிவங்களை மூடிவைக்கும் ஐக்கிய அமெரிக்காவிலேயே, அவ்வெல்லைக்கு உட்பட்ட பதிவையும் அதில் பெயர் உள்ளவனோ அவன் இறந்திருந்தால் வாரிசோ விண்ணப்பித்துப் பெறலாம். பிறப்புப் பத்திரம் இல்லாத முதியோர் ஓய்வூதியம் பெறவும் வயதையும் பிறப்பிடத்தையும் நிறுவவும் இம்முறை பல்லாண்டாக உதவி வந்துள்ளது. ஊரார்க்கு மூடிய ஏடு உரியவர்க்குத் திறந்திருத்தல் கூடும் என்பதற்கு இதனினும் எளிய சான்று தேவையில்லை. அத்தகைய வழியொன்று 1949இல் இலங்கையில் இருந்திருப்பின் எல்லோரும் பிரசைகளாகியிருப்பர் என்று கூறமுடியாது. சட்டத்தின் நோக்கமே வேறாக இருந்தது. ஆனால் 'சான்றில்லை' என்னும் சொல்லை அத்துணை எளிதாகச் சொல்லியிருக்க முடியாது.

மலையின் மறுபுறத்தில் லக்கலச் சிங்களக் குடியானவன் இதே வினாவை நூறாண்டு முன்னரே எதிர்கொண்டான். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிர்செய்யாத நிலமும் முடிக்குரியன எனக் கொண்டு, அல்லவென நிறுவும் பொறுப்பைக் குடியானவன்மேற் சுமத்தியது. சில ஆண்டு பயிரிட்டுப் பல ஆண்டு காடாக விட்டுவைக்கும் சேனை நிலத்துக்கு, கண்டிப் பகுதியில், மன்னர் தந்த சன்னசு போன்ற ஆவணம் வேண்டப்பட்டது. பரம்பரையாகச் சேனை செய்தவனிடம் சன்னசு இருக்குமா? கண்டி அரசில் வயல்களையும் அவற்றுக்குரிய சேவைகளையும் பதிந்த லேகம்மிட்டி ஏடுகள் இருந்தன. அவையும் அவன் வீட்டில் இருக்கவில்லை, ஆள்வோர் கையிலேயே இருந்தன. 2000ஆம் ஆண்டில் நக்கிள்ஸ் பேணற்காடாகப் பிரகடனம் செய்யப்பட்டபோதும், 2018இற் பல்லேகமவை நீர் சூழ்ந்தபோதும், காலங்காலமாக எவர் எங்கிருந்தார் என்னும் பழைய வினா புதிய வடிவில் மீண்டது. மேற்குச் சரிவில் தமிழ்த் தொழிலாளியும் கிழக்குச் சரிவிற் சிங்களக் குடியானவனும் ஒருவர் மொழியை ஒருவர் அறியாதவர்களாக இருக்கலாம். பத்திரம் கேட்கும் அலுவலர்முன் இருவரும் ஒரே மௌனத்தோடு நின்றனர். குடிசன மதிப்பீட்டு ஏடுகளைத் திறக்கக் கோரும் இயக்கம் ஒன்று இந்நாட்டில் எழுமாயின், அது ஓர் இனத்தின் கோரிக்கையாக அமைய வேண்டியதில்லை என்பதற்கு இம்மலையே போதிய காரணம்.

இனி, இறந்தோர்க்குக் கொடுத்த வாக்கு பற்றிய வினா எஞ்சி நிற்கின்றது. 1911இல் ஒரு தாய் தன் வயதையும் பிள்ளைகளின் தொகையையும் சொன்னபோது, இது வெளிப்படாது என நம்பியே சொன்னாள். அவளுக்குச் செய்த உறுதி அவள் இறந்ததும் இறந்துவிடுமா? இறந்தோர்க்கு உரிமையில்லை என ஒரே வரியிற் கூறித் தப்புவோர் உளர். தமிழர் மரபு அதனை ஏற்காது. மூத்தோர்க்கு நீர்க்கடன் கழிக்கும் சமூகம், இறந்தோர்க்குச் செய்யவேண்டியவை உண்டென நம்பும் சமூகமே. ஆயினும் அதே மரபு இறந்தோரின் பெயரைச் சொல்லியே கடன் கழிக்கின்றது. மூன்று தலைமுறைப் பெயர் சொல்லவேண்டிய இடத்திற் பெயர் தெரியாது தடுமாறும் பேரன், படிவத்தில் அப்பெயரைக் கண்டு படிப்பதை அத்தாய் துரோகம் எனக் கொள்வாளா? அவள் அஞ்சியது வரி கேட்பவனை, ஆள் பிடிப்பவனை, அவதூறு பேசும் அயலாரை. அவ்வச்சத்துக்கு உரிய காலம் கழியும்வரை வாக்கு அவளைக் காத்தது. அதன்பின்னும் கதவைப் பூட்டி வைப்போர் காப்பது அவளையல்ல. எத்தனை ஆண்டு என்பது கணிதமன்று. 72 என்றும் 92 என்றும் 100 என்றும் நாடுகள் வேறுபடுகின்றன. ஒரு மனிதனின் முழு ஆயுளைவிடக் குறையாதிருத்தல் வேண்டும் என்பதும், பகை ஆறாத நாட்டில் நீண்ட எல்லையே தக்கது என்பதும் கொள்ளத்தக்கன.

இலங்கையில் 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் சட்டம் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் உண்டு. 2015இல் அரசியலமைப்பிலேயே அவ்வுரிமை எழுதப்பட்டது. பொதுநலனுடன் தொடர்பற்ற தனிப்பட்ட தகவலை அச்சட்டத்தின் கீழ் மறுக்கலாம். ஊறைவிடப் பொதுநலன் மிகுந்ததாயின் கொடுக்கலாம். ஒரு சமுதாயத்தின் நாடற்ற நிலை பொதுநலன் சார்ந்ததா, ஒருவனின் பாட்டி பெயர் பொதுநலன் சார்ந்ததா என வழக்குரைஞர் வாதிடலாம். வாதிடுவதற்கு முதலில் ஏடு இருத்தல் வேண்டும். பூச்சியும் ஈரமும் சட்டத்தின் விலக்குப் பிரிவுகளைப் படிப்பதில்லை. ஆகவே திறப்பதற்கான இயக்கம், அழிப்பதைத் தடுக்கும் இயக்கமாகவே தொடங்கவேண்டியிருக்கும். பேணப்பட்ட ஏட்டை எப்போது திறப்பது என்பதைப் பின்வருவோரும் தீர்மானிக்கலாம். அழிந்ததைப் பற்றித் தீர்மானிக்க எவராலும் முடியாது.

2024ஆம் ஆண்டு இறுதியில் தீவின் பதினைந்தாவது குடிசன மதிப்பீடு நடைபெற்றது. மேட்டு நிலத்து லக்கலப் புதிய நகரிலும் கணக்கெடுப்பாளர் வாயில்தோறும் சென்றனர். நீருக்கடியிற் போன பல்லேகமவிற் பிறந்தோரும், அவ்வூரைக் கண்டிராத அவர்தம் குழந்தைகளும் தம் பெயரையும் வயதையும் சொல்லி எழுதுவித்தனர். அவ்வேடு எந்த ஆண்டில், எவர்க்குத் திறக்கப்படும் என்பதற்கு 1900ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் ஓர் ஆண்டு குறிக்கப்படவில்லை.